காட்டை எண்ணுவது எப்படி?

மாணவர்களே! உங்கள் பள்ளியில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கேட்டால் தலைமையாசிரியர் பதிவேட்டைப் புரட்டி உடனே விடை சொல்லிவிடுவார். உங்கள் ஊரில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதை அறிய மக்கள்தொகைக் கணக்கு இருக்கிறது. ஒரு காட்டில் எத்தனை மரங்கள் நிற்கின்றன, எத்தனை மான்கள் மேய்கின்றன, எத்தனை புலிகள் உலவுகின்றன என்று கேட்டால் விடை சொல்வது யார்? காட்டுக்கு வருகைப் பதிவேடு கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று எழுந்து நிற்க மான்களுக்குத் தெரியாது.

ஆயினும் எண்ணித்தான் ஆகவேண்டும். ஒரு காட்டின் நடுவே சாலை போடலாமா, கோடையில் பரவிய தீயினால் எவ்வளவு அழிந்தது, சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு காடு செழித்திருக்கிறதா, நலிந்திருக்கிறதா என்ற கேள்விகளுக்கெல்லாம் எண்கள் இல்லாமல் விடை காண முடியாது. அந்த எண் தவறாக இருந்தால் என்ன ஆகும்? நம் நாட்டில் ஒரு காட்டிலே புலிகள் அத்தனையும் மறைந்துகொண்டிருந்த நேரத்திலும் ஏட்டில் மட்டும் அவை உயிரோடு உலவிக்கொண்டிருந்தன! அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அசையாமல் ஓரிடத்தில் நிற்கின்ற மரங்களை எண்ணிப் பழகுவோம்.

ஒரு சோறு போதுமா?

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று உங்கள் வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சோறு முழுவதையும் நசுக்கிப் பார்க்காமல் ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்து, பானை முழுவதும் வெந்துவிட்டது என்று முடிவு செய்கிறோம். காட்டை ஆராய்பவர்கள் செய்வதும் ஏறத்தாழ இதைத்தான். முழுக் காட்டையும் எண்ண முடியாது. ஆகவே அதில் ஒரு சிறு பகுதியை எண்ணி, அதைக் கொண்டு முழுமையைக் கணக்கிடுகிறார்கள். இந்தச் சிறு பகுதிக்கு மாதிரி என்று பெயர்.

ஆனால் காடு பானைச் சோறு அன்று. கொதிக்கும் உலையில் பருக்கைகள் புரண்டு கலந்துவிடுகின்றன. அதனால் எந்தப் பருக்கையை எடுத்தாலும் அது மற்றவற்றைப் போலவே இருக்கும். காட்டிலோ ஓடைக்கரையில் ஒரு வகை மரம், மேட்டில் வேறொரு வகை, பாறை இடுக்கில் இன்னொரு வகை. வெப்பமண்டலக் காடுகளில் இந்த வேறுபாடு மிகவும் அதிகம். எனவே ஒரே ஒரு பருக்கை போதாது. பல இடங்களிலிருந்தும் பருக்கைகளை எடுக்கவேண்டும்.

எப்படி எடுப்பது? 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சதுரக் கட்டத்தைக் கயிற்றால் வகுத்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் மரங்களை மட்டும் எண்ணுவார்கள். நான்கு முளைக்குச்சிகளும் 40 மீட்டருக்குச் சற்று அதிகமான சணல் கயிறும் இருந்தால் போதும். மூலைகள் செங்கோணமாக அமைய வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? 12 மீட்டர் கயிறு ஒன்றை எடுத்து 3 மீட்டரிலும் 7 மீட்டரிலும் முடிச்சுப் போடுங்கள். கயிற்றின் இரு முனைகளையும் சேர்த்துக் கட்டி, முனைகள் சேர்ந்த இடத்தையும் இரு முடிச்சுகளையும் மூன்று பேர் பிடித்து இழுத்தால் 3, 4, 5 மீட்டர் பக்கங்களுள்ள முக்கோணம் கிடைக்கும். முதல் முடிச்சு இருக்கும் மூலை செங்கோணம். பித்தகோரஸ் தேற்றத்தைக் கரும்பலகையில் பார்த்திருக்கிறீர்கள். காட்டில் அதைக் கையால் பிடித்தே பார்க்கலாம்.

இதைப் பழகுவதற்கு முதுமலைக்கும் களக்காட்டுக்கும் போகவேண்டும் என்பதில்லை. அவை காப்பகங்கள், வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது. சோழமண்டலக் கரையோர மாவட்டங்களில் வாழும் மாணவர்களுக்கு அருகிலேயே கோயில் காடுகள் உள்ளன. வீரை, உலக்கைப் பாலை, காயா போன்ற மரங்கள் அடர்ந்த அந்தச் சிறு தோப்புகள், ஒரு காலத்தில் கடற்கரையை ஒட்டிப் பரவியிருந்த வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, ஓர் இலையையும் வீணாகப் பறிக்காமல் அங்கே பழகலாம். அதுவும் இல்லையென்றால் ஏரிக்கரைத் தோப்பு போதும்.

கையின் தந்திரம்

இப்போது மிக முக்கியமான கேள்வி. கட்டத்தை எங்கே போடுவது?

நான் கல்லூரியில் படித்தபோது முதன்முதலாகக் களப்பணிக்குச் சென்ற நாள் நினைவுக்கு வருகிறது. செடிகளை எண்ணுவதற்காக ஒரு மீட்டர்ச் சதுரச் சட்டம் ஒன்றை எங்கள் கையில் கொடுத்து, "கண்ணை மூடிக்கொண்டு எறியுங்கள். விழுந்த இடத்தில் எண்ணுங்கள்" என்றார்கள். இருபது முறை எறிந்தோம், எண்ணினோம், பெருமையோடு கணக்கை நீட்டினோம். ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இந்தக் காட்டில் உண்ணிச்செடியே கிடையாதா?"

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது! முள்ளுக்குள் போய்ச் சட்டத்தை எடுக்கவேண்டுமே என்ற நினைப்பில், கண் மூடியிருந்தாலும் கை தானாகவே வெட்டவெளிப் பக்கம் எறிந்திருக்கிறது. நாங்கள் பொய் எழுதவில்லை. எண்ணியதை எண்ணியபடியே எழுதினோம். ஆனாலும் எங்கள் கணக்குப் பொய்யாகிவிட்டது.

உண்ணிச்செடி வெறும் முட்செடி அன்று. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று முதுமலை உட்படப் பல காடுகளின் அடித்தளத்தை மூடிக்கொண்டு நிற்பது. காட்டின் பெரிய தொல்லை எதுவோ, அது எங்கள் ஏட்டில் பூச்சியமாக இருந்தது.

இந்தத் தந்திரத்தை வெல்ல ஒரே வழி, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நம்மிடமிருந்து பறித்துவிடுவதுதான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் கூறப்படும் குடவோலை முறையை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். யாருடைய விருப்பு வெறுப்பும் அதில் புகமுடியாது. நாமும் அதையே செய்வோம். தோப்பு 100 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் உள்ளது, அதாவது ஒரு ஹெக்டேர் எனக் கொள்வோம். தாளில் அதன் படத்தை வரைந்து 10 மீட்டர்க் கட்டங்களாகப் பிரித்தால் 100 கட்டங்கள் கிடைக்கும். 1 முதல் 100 வரை எண்ணிட்ட சீட்டுகளைக் குடத்தில் குலுக்கிப் பத்துச் சீட்டுகளை எடுங்கள். எடுத்த எண்ணுக்குரிய கட்டம் எங்கே இருந்தாலும் அங்கே போய்த்தான் தீரவேண்டும். முள் இருக்கிறது, சேறு இருக்கிறது என்று அடுத்த கட்டத்துக்கு மாறக் கூடாது. உள்ளே நுழையவே முடியாவிட்டால், "நுழைய முடியவில்லை, முட்புதர்" என்று ஏட்டில் எழுதுங்கள். அதுவும் ஒரு செய்தியே.

பத்துக் கட்டங்களிலும் வேப்பமரங்களை எண்ணினீர்கள். 4, 7, 0, 5, 9, 3, 6, 0, 8, 4 என்று வந்தது எனக் கொள்வோம். கூட்டினால் 46. ஒரு கட்டத்துக்குச் சராசரி 4.6. நூறு கட்டங்களுக்கு 460 மரங்கள். இங்கே பலரும் செய்கின்ற பிழை ஒன்று உண்டு. "மரமே இல்லாத கட்டத்தை ஏன் சேர்க்கவேண்டும்?" என்று இரண்டு பூச்சியங்களையும் விட்டுவிடுவார்கள். அப்போது 46-ஐ 8-ஆல் வகுக்க 5.75 வரும், தோப்பில் 575 மரங்கள் என்று கணக்குச் சொல்லும். இல்லாத 115 மரங்கள் ஏட்டிலே முளைத்துவிட்டன, பார்த்தீர்களா?

கயிற்றின் மேலேயே நிற்கும் மரத்தை என்ன செய்வது? வடக்கு, கிழக்குப் பக்கக் கயிறுகளின் மேல் நிற்பவை உள்ளே. தெற்கு, மேற்குப் பக்கத்தவை வெளியே என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது வேறு விதியும் வைக்கலாம். ஆனால் எண்ணத் தொடங்கும் முன்பே விதியை எழுதிவிட வேண்டும். மரத்தைப் பார்த்த பிறகு விதியை யோசித்தால் அழகான மரங்கள் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

நாடாவும் நெஞ்சு உயரமும்

எண்ணினால் மட்டும் போதாது, அளக்கவும் வேண்டும். பத்துக் கன்றுகளும் பத்துக் கிழட்டு மரங்களும் எண்ணிக்கையில் ஒன்றுதான். ஆனால் அவை இரண்டும் ஒரே காடாகுமா?

மரத்தின் பருமனைப் பெரும்பாலும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்கிறார்கள். இது ஏறத்தாழ ஒரு மனிதனின் நெஞ்சு உயரம். குனியாமலும் ஏணி வைக்காமலும் அளக்கலாம். அடிமரத்தின் புடைப்பும் அந்த உயரத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். 1.3 மீட்டர் நீளத்துக்கு ஒரு குச்சியை நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதை மரத்தோடு சேர்த்து நிறுத்தி, அதன் உச்சி தொடும் இடத்தில் தையற்காரரின் அளவு நாடாவைச் சுற்றுங்கள். சுற்றளவு 157 செ.மீ. என்றால், அதை 3.14-ஆல் வகுக்க விட்டம் 50 செ.மீ. என்று கிடைக்கும்.

இவ்வளவுதானா என்று எண்ணாதீர்கள். மரங்கள் நம் வசதிக்காக வளர்வதில்லை. சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப்பக்கத் தரையிலிருந்து உயரத்தைக் கணக்கிட வேண்டும். சாய்ந்த மரத்துக்குச் சாய்வின் வழியே 1.3 மீட்டர் அளக்கவேண்டும். 1.3 மீட்டருக்குக் கீழேயே இரண்டாகப் பிரிந்த மரத்தில் இரண்டு தண்டுகளையும் தனித்தனியே அளக்கவேண்டும். இலவ மரத்தைப் போல் பலகை வேர்கள் புடைத்து நின்றால் அந்தப் புடைப்பு முடியும் இடத்துக்கு மேலே அளந்து, எந்த உயரத்தில் அளந்தோம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே மரத்தை வகுப்பில் ஐந்து பேர், ஒருவர் அளவை மற்றவர் பார்க்காமல் அளக்கட்டும். 157, 155, 159 என்று ஆளுக்கொன்றாக வரும். நாடா ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். ஒருவர் இறுக்கியிருப்பார், ஒருவர் தளர்த்தியிருப்பார். உலர்ந்த காட்டு மரங்கள் பல, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் பருக்கின்றன. உங்கள் கைப்பிழை 2 செ.மீ. என்றால் மரத்தின் ஓராண்டு வளர்ச்சி முழுவதும் அந்தப் பிழைக்குள் காணாமல் போய்விடும். அதனால்தான் அளந்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த முறை அதே கோட்டின் மேலேயே நாடாவைச் சுற்றுகிறார்கள். ஆண்டுதோறும் அதே மாதத்தில் அளக்கவும் வேண்டும். கடும் கோடையில் நீர் வற்றும்போது அடிமரமும் பட்டையும் சற்றுச் சுருங்கும். மழைக்கு முன் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் அளந்தவர், மரம் இளைத்தது என்றோ திடீரென்று கொழுத்தது என்றோ எழுத நேரிடும்.

26,000 மரங்களுக்கு ஒரு பதிவேடு

இப்படி ஒவ்வொரு மரத்துக்கும் பதிவேடு வைத்திருக்கும் காடு நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நீலகிரி மாவட்டத்து முதுமலையில் 1988-ஆம் ஆண்டில், பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமார் தலைமையில் ஆய்வாளர்கள் 1,000 மீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் ஆய்வுக்களத்தை அமைத்தார்கள். பரப்பு 50 ஹெக்டேர். நெஞ்சு உயரத்தில் ஒரு செ.மீ. விட்டமாவது உள்ள ஒவ்வொரு மரத்தையும் செடியையும் அளந்து, எண் பொறித்த தகடு கட்டி, அது நிற்கும் இடத்தைப் படத்தில் குறித்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 26,000. இனங்கள் எழுபதுக்குச் சற்று மேல். வெண்தேக்கு, கருமருது, நமை, தேக்கு ஆகியவை அங்கே முதன்மையான மரங்கள்.

இத்தகைய களத்துக்கு முன்னோடி பனாமா நாட்டில் உள்ளது. பனாமாக் கால்வாய்க்காக ஆற்றைத் தேக்கியபோது ஒரு குன்று தீவாக மாறிற்று. பாரோ கொலராடோ என்னும் அந்தத் தீவில் 1980-இல் ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் என்னும் இருவர் முதல் 50 ஹெக்டேர்க் களத்தைத் தொடங்கினார்கள். அங்கே கிடைத்த எண்ணிக்கை 2,35,000. இனங்கள் ஏறத்தாழ 300. மலேசியாவின் பாசோ காட்டில் அதே 50 ஹெக்டேரில் 3,35,000 மரங்களும் 800-க்கு மேற்பட்ட இனங்களும் இருந்தன. மூன்றும் வெப்பமண்டலக் காடுகளே. மூன்றிலும் ஒரே பரப்பு, ஒரே உயரம், ஒரே குறைந்த அளவு. அதனால்தான் இந்த எண்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட முடிகிறது. முதுமலையில் நீண்ட வறட்சி உண்டு, தரையோடு பரவும் தீ உண்டு, பசித்த யானைகள் உண்டு. பாசோவில் ஆண்டு முழுவதும் மழை.

தகடு கட்டியதனால் என்ன பயன்? கைடியா என்று ஒரு சிறு மரம். நம் பூவரசின் குடும்பத்தைச் சேர்ந்தது. முதுமலைக் களத்தில் தொடக்கத்தில் இது மிகுதியாக இருந்தது. சில ஆண்டுகளிலேயே எண்ணிக்கை பெரிதும் சரிந்துவிட்டது. வெறுமனே எண்ணியிருந்தால் "குறைந்தது" என்பது மட்டும் தெரிந்திருக்கும். நோயா, தீயா, வறட்சியா என்று ஆளுக்கொன்று சொல்லியிருப்போம். ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் எண் இருந்ததால், ஆண்டுதோறும் அதனிடம் போய் அது எப்படி மாண்டது என்று பார்த்து எழுத முடிந்தது. யானைகள் ஒடித்தும் பட்டையை உரித்தும் தின்றதே முதன்மையான காரணம் என்று தெரியவந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 50 ஹெக்டேர் என்பது பெரிய இடந்தான். ஆயினும் அது முதுமலை முழுவதற்கும் பேசாது. முதுமலையின் மேற்குப் பக்கம் மழை மிகுதி; கிழக்கே போகப் போக மழை குறைந்து முட்காடு வந்துவிடும். எனவே வெவ்வேறு மழையளவுள்ள இடங்களில் ஒரு ஹெக்டேர்ச் சிறு களங்கள் பலவற்றையும் அமைத்தார்கள். பானையின் பல பக்கங்களிலிருந்தும் பருக்கை எடுத்த கதைதான்.

களக் குறிப்பேட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சில சொற்கள். பென்சிலால் எழுதுங்கள், மையெழுத்து மழையில் கரையும். நாள், நேரம், இடம், வானிலை, எண்ணியவர் பெயர் ஆகியவை ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கவேண்டும். தெரியாத செடிக்கு ஊகித்துப் பெயர் வைக்காதீர்கள். "தெரியாதது 1" என்று எழுதி, கீழே விழுந்த இலை ஒன்றைச் செய்தித்தாளுக்கு இடையில் வைத்துக் கொண்டுவந்து, விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள். அப்படித் தெரிந்தவர் உங்கள் ஊரிலேயே ஆடு மேய்க்கும் பெரியவராகவோ நாட்டு மருத்துவராகவோ இருப்பார். முதுமலைப் பக்கத்துக் குறும்பர், இருளர் முதலிய பழங்குடி மக்களுக்கு, இலையில்லாத கோடையிலும் பட்டையைப் பார்த்தே மரத்தைச் சொல்லத் தெரியும். பட்டம் பெற்ற பலர் அவர்களிடம்தான் காட்டைப் படித்திருக்கிறார்கள். முக்கியமான ஒன்று: தேடியும் கிடைக்காவிட்டால் 0 என்று எழுதுங்கள், தேடவே இல்லையென்றால் ஒரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஓடுகின்றவற்றை எண்ணுதல்

மரம் காத்திருக்கும், மான் காத்திருக்குமா? நேர்கோடாக அமைத்த ஒரு பாதையில் விடியற்காலையில் மெதுவாக நடந்து, கண்ணில் படும் புள்ளிமான், காட்டெருது ஆகியவற்றை எண்ணுவது ஒரு முறை. பாதையருகே நிற்பவை தவறாமல் தெரியும். தொலைவில் நிற்பவற்றில் பல புதருக்குள் மறைந்திருக்கும். எத்தனையைத் தவறவிட்டோம் என்று மதிப்பிட, பாதையிலிருந்து ஒவ்வொரு விலங்கின் செங்குத்துத் தொலைவும் தேவை. மான் 60 மீட்டர் தொலைவில், பாதைக்கு 30 பாகைக் கோணத்தில் நிற்கிறதா? சைன் 30 என்பது அரை. செங்குத்துத் தொலைவு 30 மீட்டர். தொலைவு கூடக் கூடக் காட்சிகள் எவ்வளவு குறைகின்றன என்பதைக் கொண்டு, காணாமல் விட்டவற்றையும் கணக்கில் சேர்க்கிறார்கள்.

யானையைக் காணாமலேயே எண்ணும் வழியும் உண்டு. சிரிக்காதீர்கள், சாணத்தை எண்ணுவதுதான் அது! ஒரு யானை நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முறை சாணமிடும் என்று முதுமலையிலேயே கவனித்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். சாணக்குவியல் சராசரியாக 100 நாள் அழியாமல் கிடக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு யானைக்கு எந்த நேரத்திலும் 1,600 குவியல்கள் காட்டில் கிடக்கும். மழையிலும் வண்டுகளாலும் 50 நாளிலேயே அவை அழிந்துவிட்டால்? அதே 1,600 குவியல்களுக்கு இரண்டு யானைகள் என்று பொருள். சாணம் எத்தனை நாளில் அழிகிறது என்பதை அந்தந்தக் காட்டிலேயே அந்தந்தப் பருவத்திலேயே பார்க்காமல் வேறு இடத்து எண்ணை எடுத்துப் போட்டால், யானைகள் இரட்டிப்பாகவோ பாதியாகவோ ஆகிவிடும்.

சரிஸ்காவின் கதை

இனி, முன்பு சொன்ன கதைக்கு வருவோம். நம் நாட்டில் பல ஆண்டுகளாகப் புலிகளைக் காலடித் தடங்களைக் கொண்டு எண்ணிவந்தார்கள். மண்ணில் பதிந்த தடத்தின் மேல் கண்ணாடியை வைத்துப் படியெடுப்பார்கள். ஒவ்வொரு புலியின் தடமும் வேறு வேறாக இருக்கும், அனுபவமுள்ளவர் அதைப் பிரித்தறிந்துவிடுவார் என்பது நம்பிக்கை. ஒரே புலி ஈர மண்ணில் நடந்தால் ஒரு தடம், காய்ந்த புழுதியில் நடந்தால் வேறொரு தடம், ஓடினால் இன்னொன்று. உல்லாஸ் கரந்த் என்ற ஆய்வாளர், அடைத்து வளர்க்கப்பட்ட சில புலிகளின் தடப்படிகளை அனுபவமுள்ள அலுவலர்களிடம் கொடுத்துச் சோதித்தார். அவை எத்தனை புலிகளுடையவை என்று அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆயினும் அந்த முறையே தொடர்ந்தது.

இராசஸ்தானில் உள்ள சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் 2004-ஆம் ஆண்டுக் கணக்கு 16 முதல் 18 புலிகள் என்று சொல்லிற்று. 2005-இன் தொடக்கத்தில் தேடிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. கள்ள வேட்டைக்காரர்கள் அத்தனையையும் கொன்றுவிட்டிருந்தார்கள். புலிகள் குறைந்துவரும்போதே ஏடு அதைச் சொல்லியிருந்தால் காவலைப் பலப்படுத்தச் சிறிது காலம் கிடைத்திருக்கும். 2008-இல்தான் ரந்தம்போரிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து மறுபடியும் அங்கே விட்டார்கள்.

இந்த அதிர்ச்சிக்குப் பின் நாடு முழுவதும் எண்ணும் முறை மாறியது. கரந்த் 1990-களின் தொடக்கத்திலேயே கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில், விலங்கு குறுக்கே வந்தால் தானாகவே படம்பிடிக்கும் கேமராக்களை வைத்துப் பார்த்திருந்தார். நம் விரல் ரேகையைப் போலவே புலியின் கோடுகளும் ஒவ்வொன்றுக்கும் வேறு. உடலின் இடப்பக்கக் கோடுகளும் வலப்பக்கக் கோடுகளும்கூட ஒன்றாக இருப்பதில்லை. அதனால் பாதையின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு கேமராக்களை வைக்கிறார்கள்.

ஆனால் எல்லாப் புலிகளும் கேமராவுக்கு முன்னால் வருவதில்லையே! வராதவற்றை எப்படி எண்ணுவது? இதற்கு, மீன்களை எண்ணுவதற்காக டென்மார்க் நாட்டுப் பீட்டர்சன் 1896-இல் பயன்படுத்திய கருத்து உதவுகிறது. உங்கள் வீட்டில் உள்ள புளியங்கொட்டைகளைக் கொண்டே இதைச் செய்து பார்க்கலாம்.

ஒரு புட்டியில் கொட்டைகளை எண்ணாமல் அள்ளிப் போடுங்கள். அதிலிருந்து 50 கொட்டைகளை எடுத்துச் சுண்ணாம்பால் பொட்டு வைத்துக் காயவைத்து, மீண்டும் புட்டியில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு 60 கொட்டைகளை எடுங்கள். அவற்றில் 12-இல் பொட்டு இருக்கிறது எனக் கொள்வோம். 60-க்கு 12 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. புட்டி முழுவதிலும் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் பொட்டு இருக்கவேண்டும். பொட்டு வைத்தவை 50. ஆகவே மொத்தம் 250. புலிக்குப் பொட்டு வைக்கவேண்டியதில்லை. அதன் கோடுகளே பொட்டு. முதல் சுற்றில் படமான புலிகளில் எத்தனை அடுத்த சுற்றிலும் வருகின்றன என்று பார்த்து, வராதவற்றைக் கணக்கிடுகிறார்கள். உண்மையில் செய்யும் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஏனெனில் புட்டிக்கு வாய் உண்டு; காட்டுக்கு இல்லை. புலிகள் வெளியேயிருந்து வரும், உள்ளேயிருந்து போகும்.

மீண்டும் மீண்டும் குலுக்கி 60 கொட்டைகளை எடுத்துப் பார்த்தால் விடை ஒவ்வொரு முறையும் சற்று மாறுவதைக் காண்பீர்கள். ஒரு முறை 214 வரும், ஒரு முறை 300 வரும். அதனால்தான் 2022-ஆம் ஆண்டு அகில இந்தியப் புலிக் கணக்கு ஓர் எண்ணோடு நிற்கவில்லை. 3,167-க்குக் குறையாது, 3,925 வரை இருக்கலாம், சராசரி 3,682 என்று மூன்று எண்களைக் கொடுத்தது.

புளியங்கொட்டைச் சோதனையைப் பத்து முறை செய்து பத்து விடைகளையும் பென்சிலால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மிகவும் விலகியிருக்கிறதே என்று அதை அடித்துவிடாதீர்கள். சராசரியையும், மிகக் குறைந்த விடையையும், மிக அதிகமான விடையையும் ஏட்டில் குறித்து, கீழே நாளும் உங்கள் பெயரும் எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் புட்டியைக் கவிழ்த்துக் கொட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணவேண்டும்.